மாசி மகத்துப் பரிவட்டம்

மாசி மகத்தன்று எங்கள் ஊரான சாரத்திலிருந்து சாமி வைத்திக்குப்பம் கடலுக்குப் புறப்படும்போது, முதல் பரிவட்டம் எங்கள் குடும்பத்துக்குத்தான். 2006இல் என் தம்பி மகன் அருள்முருகனுக்குப் பதினெட்டு வயது. இனி அந்தத் துணி அவன் தலையில்தான் ஏறும் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன்.

பூசாரி தட்டோடு வருவதற்குள் அவன் என்னைச் சாமி வண்டியின் மறைவுக்கு அழைத்தான்.

“பெரியப்பா, கட்டறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போவல. பசங்க மேலதான் போவுது. அப்புறமா தெரிஞ்சி நீங்க தலைகுனியக் கூடாது.”

“வாய மூடு. யார்கிட்டல்லாம் சொன்ன?”

“உங்ககிட்டதான் மொதல்ல.”

அதற்குள் பூசாரி தட்டோடு வந்துவிட்டார்.

“யார் தலைக்குங்க ஐயா?” என்றார் பூசாரி. என் விரல் என்னையே காட்டியது. அருள் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

பரிவட்டம் கட்டியவர் கடல் வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மேளத்துக்கு நடுவே அவன் காலடி கேட்கிறதா என்று கவனித்தபடியே நடந்தேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

மணலில் சாமியை இறக்கிய பிறகுதான் திரும்பினேன். கூட்டத்தில் அவன் இல்லை.

“அருள் தம்பி எங்கங்க, காணோம்?” என்று பூசாரி கேட்டார்.

வருவான் என்றேன்.