பாய் தொழுகையில் இருக்கிறார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏஐயை நாலு வார்த்தை நறுக்கென்று திட்டத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். முதல் வரிகூடத் தயார்: 'அந்த இயந்திரத்துக்கு ஈவு இரக்கமே...'

வேண்டாம், அடித்துவிட்டேன். இளவேனில் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

2

இளவேனில் ஸ்ரீரங்கத்துக்காரி. மன்னார்புரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராமர். டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்துப்போகும் வேன்களுக்கான ஆப் அவள் பொறுப்பு. ஒரே வேனை ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கு அனுப்பும் கோளாறு ஒன்று நாலு நாளாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஏஐ பத்தே நிமிஷத்தில் பிடித்துக் கொடுத்தது. "அட என் ராசா!" என்று திரையைக் கொஞ்சினாள். (நானும் கொஞ்சியிருப்பேன்.)

கையோடு அது இன்னொன்றும் கேட்டது: 'புரோகிராமில் இந்த இரண்டு வரி தேவையில்லை போலிருக்கிறது. நீக்கலாமா?' சந்தோஷத்தில், சரியாகப் படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் இரண்டு மணிவரை பதினாலாம் நம்பர் டிரைவருக்குச் சவாரி அனுப்பாதே என்பவை அந்த வரிகள். பதினாலாம் நம்பர் என்றால் அப்துல் சுக்கூர். அது அவருடைய ஜும்மா தொழுகை நேரம். இரண்டு வருஷமாக இளவேனிலின் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், கைத்தாங்கலாக வீட்டில் விடுகிறவரும் அவர்தான். வரிகளை எழுதியவள் இளவேனில். காரணம் எழுதாமல் விட்டவளும் அவளே.

3

வெள்ளியன்று பாய் பள்ளிவாசலில் இருந்தபோது மூன்று சவாரி வந்தது. எதையும் எடுக்கவில்லை. ஆப் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. (மூன்று தவறினால் நீக்கு என்று விதி போட்டது மனிதர்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

சனிக்கிழமை காலை வேறு வேன் வந்தது. "சுக்கூர் தம்பி எங்கடி? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் அம்மா.

ஆபீஸ் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பாயைப் பட்டியலில் சேர்த்தாள். வரிகளைத் திரும்பப் போட்டு, பக்கத்திலேயே காரணத்தையும் எழுதினாள். இனி யார் அந்த வரிகளை அழித்தாலும் சிவப்பு எழுத்தில் எச்சரித்துக் கத்துகிற ஒரு சோதனை நிரலை எழுதித் தரும்படி ஏஐயிடம் கேட்டாள். ஒரு நிமிஷத்தில் பிசகில்லாமல் தந்தது. பெயரை மட்டும் அவளே வைத்தாள்: 'பாய் தொழுகையில் இருக்கிறார்.'

அதற்குள் பாயின் குரல் செய்தி வந்துவிட்டது. "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்திருக்கலாம்ல?"

4

முடிவு ஒன்று: "மெஷின் பண்ணுன தப்புங்க பாய்" என்கிறாள். அவர் நம்பிவிடுகிறார். எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: "நான்தாங்க பாய்..." என்கிறாள். உடனே அவர்

[இதற்குமேல் வரவில்லை. அவர் சார்பில் மன்னிக்க நான் யார்? 'முடித்துத் தரட்டுமா?' என்று என் கணினியும் கேட்கிறது. வேண்டாம் ராசா.]

5

இளவேனில் போன் போட்டுவிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா. அம்மாவ இன்னைக்கு வேன்ல கைபிடிச்சு ஏத்துனாங்களா?"

அவள் வாயைத் திறக்கிறாள். இனி நீங்கள்தான் எழுத வேண்டும். சீக்கிரம், பாய் லைனில் இருக்கிறார்.