கபுங்வேயின் வலது முழங்கால்

பிணவறையின் சிமெண்டு மேடையில் கிடந்த அப்பாவின் வலது காலைத் தூக்கிப் பிடித்துக் கால்சட்டையை மாட்டிக்கொண்டிருந்த ஜெர்ஷமின் கை, முழங்கால் அருகே நின்றது. விரலால் தடவிப் பார்த்தான். சந்தேகப்பட்டு இடது காலையும் பார்த்தான். இரண்டிலும் தழும்பே இல்லை.

"என்னடா பாக்குறே? சீக்கிரம் மாட்டு, அடுத்த குடும்பம் வெளியே நிக்குது" என்றார் கசொன்டே மாமா.

அந்த முழங்காலைப் பற்றித் தெரியாதவர் சுரங்க ஊரான கிட்வேயில் கிடையாது. சுரங்கக் கால்பந்து அணிக்கும் பிறகு நாட்டுக்கும் முன்வரிசையில் ஆடியவர் அப்பா கபுங்வே. பந்து காலுக்கு வந்ததும் அவர் திரும்பும் வேகத்தில், மறிக்க வந்தவர்கள் தடுமாறி விழுவார்கள். வானொலியில் வர்ணனை சொல்பவர் அவர் பெயரை மூச்சு முட்டும்வரை இழுப்பார். ஹராரேயில் ஒரு பெரிய ஆட்டத்துக்கு முந்தின வாரம், பயிற்சியில் சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர் சிபாஷாவே அவர் காலை உடைத்துவிட்டார். முட்டியை அறுத்துத் தைத்தார்கள் என்றுதான் ஊரில் பேச்சு. ஜெர்ஷம் அப்போது பிறந்திருக்கவில்லை. அப்புறம் அப்பா பந்தைத் தொடவில்லை. சுரங்கக் கிடங்கில் வேலை பார்த்தார், கடைசிவரை நொண்டினார். எந்த வெயிலிலும் முழுக்கால்சட்டைதான். ஆஸ்பத்திரியில்கூட அம்மாவைத் தவிர வேறு யாரையும் உடம்பு துடைக்க விடவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்ததும், கூடத்தில் பெண்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் குந்தி, தழும்பைப் பற்றிக் காதோடு கேட்டான்.

"கையக் கழுவிட்டு சாப்பிடு" என்றாள் அம்மா. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் சோளக்களித் தட்டைத் தள்ளி வைத்தான். ஊரே பரிதாபப்பட்ட கால் அது. கள்ளுக்கடையில் அந்தக் காலுக்காகவே எத்தனையோ பேர் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லாத காயத்தை ஒரு மனுஷன் எதற்காகச் சுமப்பான்? எதை மறைக்க?

அப்போதுதான் சிபாஷா வாசலுக்கு வந்தார். கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். காலுடைச்சான் என்று பெயர் வாங்கி, மைதானத்தில் கல்லடி பட்டு, அடுத்த வருஷமே ஆட்டத்தை விட்டவர். இந்த வீட்டில் அவருக்கு யாரும் வணக்கம் சொன்னதில்லை. துரத்த எழுந்த மாமாவைத் தடுத்து, ஜெர்ஷம் அவரை வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனான்.

"நீங்க அப்பா காலை உடைக்கல."

"யார் சொன்னது?"

"நான்தான் அவருக்கு உடுப்பு மாட்டினேன். முட்டியில தழும்பே இல்ல."

கிழவர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஹராரே ஆட்டத்தில் எதிரணி மேல் பந்தயம் கட்டியிருந்த ஒருவன் காரில் வந்து கபுங்வேயைப் பார்த்தானாம். கோல் போடக் கூடாது என்றானாம்.

"உங்கம்மா வயித்துல நீ இருந்தே. அவ எந்தக் கடையில தக்காளி வாங்குறா, எந்த வழியா வீட்டுக்குப் போறா, எல்லாத்தையும் சொன்னானாம். உங்கப்பா என்கிட்ட வந்தான். வேணும்னே தோக்க மாட்டேன், ஜெயிக்கவும் பயமா இருக்கு, நீ என்னை அடிச்சுடுன்னான். நான் மெதுவாத்தான் அடிச்சேன்."

"ஆட்டம் என்னாச்சு?"

"தோத்தோம்."

"அப்போ அந்த ஆளு நினைச்சது நடந்துடுச்சு."

சிபாஷா தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அதுக்கப்புறம் ஏன் ஆடல? ஏன் நொண்டிக்கிட்டே இருந்தாரு?"

"ஊரு பூரா பாக்க நொண்டிட்டான். அப்புறம் எந்த நாள்லருந்து நேரா நடக்கறது?"

ஜெர்ஷம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஒருவருக்கும் கெட்ட பேர் வராத இந்தக் கதையை இத்தனை வருஷத்தில் இவர் தயார் செய்திருக்கலாம். அப்பாவேகூட இவருக்கு அரைக் கதைதான் சொன்னாரோ என்னவோ.

சின்னம்மா பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். "அக்கா சொல்லி அனுப்பிச்சா. பெட்டி தூக்கறப்ப இவரும் ஒரு கை பிடிக்கணுமாம்."

அது நன்றியா, வாயைக் கட்டிவைக்கும் வழியா என்று ஜெர்ஷமுக்குப் பிடிபடவில்லை. கூடத்துச் சன்னலில் அம்மாவின் முக்காடு மட்டும் தெரிந்தது.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு இடம் விட்டார். முன்பக்கம் ஒரு கைப்பிடியில் ஜெர்ஷம், மறு கைப்பிடியில் சிபாஷா. தோளுக்கு ஏற்றியபோது கிழவர் குட்டையாக இருந்ததால் பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது. ஜெர்ஷம் அவரைப் பார்க்காமலே, சமமாகும்வரை தன் தோளைத் தாழ்த்திக்கொண்டு நடந்தான்.