இருப்பதிலேயே மென்மையான சொல்

வீட்டில் அவளுக்கு டிக்‌ஷனரி என்றுதான் பெயர். யாருக்காவது ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டுமென்றால் அவள் முன்னால்தான் வந்து நிற்பார்கள். அவளும் லேசில் எழுதிக் கொடுத்துவிட மாட்டாள். இந்தச் சொல்லுக்கு விறைப்பு அதிகம், அந்தச் சொல் ரொம்பக் குழைகிறது என்று வகுப்பெடுத்து, ஏன்தான் கேட்டோமோ என்று வந்தவர் நொந்துபோன பிறகே பேனாவைத் திறப்பாள். தம்பி ஒருவன்தான் அத்தனையையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. பேக்கரி ஒன்றில் வேலை.

பேக்கரி இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில், இயந்திரங்கள் மேல் ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர்களுக்கு வாசகம் எழுதுவது அவள் வேலை. அதற்கு மூன்று சொற்கள் உண்டு. டேஞ்சர் என்றால் கை வைத்தால் உயிரோ உறுப்போ போவது நிச்சயம், சிவப்பில் அச்சாகும். வார்னிங் என்றால் போனாலும் போகலாம், ஆரஞ்சு. காஷன் என்றால் சிராய்ப்போடு தப்பிக்கலாம், மஞ்சள். மாவைத் தட்டையாக்கும் புது இயந்திரத்தின் உருளைகளுக்கு அவள் டேஞ்சர் என்றுதான் முதலில் எழுதினாள்.

விற்பனை மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, வாங்க வர்றவன் பார்த்ததும் ஓடிடுவான். கொஞ்சம் மென்மையா ஒண்ணு போடுங்களேன். உங்களுக்குத் தெரியாத வார்த்தையா?"

அந்தக் கடைசிப் பேச்சில்தான் அவள் கவிழ்ந்தாள். முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம். காஷன் என்று மாற்றிக் கொடுத்தாள். அதட்டாமல் தோளைத் தொட்டுச் சொல்கிற மாதிரி, எத்தனை நாகரிகமான சொல் என்று அன்று மாலை தம்பியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

அதே இயந்திரம் அவன் பேக்கரிக்கும் வந்து சேர்ந்தது. உருளையில் சிக்கிய மாவை எடுக்க, ஓட்டத்தை நிறுத்தாமலே கையை விட்டான். இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை அவள் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"டேஞ்சர்னு இருந்துச்சுடா. நான்தான் மாத்தினேன்."

"அட, அதுக்கா இந்த அழுகை? எனக்கு ஏதுக்கா இங்கிலீஷ்? நீ என்ன எழுதியிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

நெஞ்சிலிருந்து பெரிய பாரத்தை இறக்கி வைத்தது போலிருந்தது அவளுக்கு. தம்பிக்கு விரல் போயிருக்கிறது, உனக்கு நிம்மதி கேட்கிறதா என்று தன் மேலேயே வெறுப்பும் வந்தது. ஆனாலும் நிம்மதிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

குடித்துவிட்டு டம்ளரை நீட்டினான்.

"நாங்கல்லாம் கலரைத்தான் பார்ப்போம். சிவப்புன்னா மெஷினை நிறுத்தாம கிட்டவே போக மாட்டோம். மஞ்சள்னா, பார்த்துச் செஞ்சா போதும்."

அவள் டம்ளரை வாங்கவில்லை. அவன் அதைத் தானே எட்டி மேஜைமேல் வைத்தான்.

"கூட நின்னவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல. ஒட்டினது எங்க அக்காடா, அவ யோசிக்காம ஒட்ட மாட்டான்னு சொல்லிட்டுத்தான் கையை விட்டேன்."