வெள்ளையனை எடுத்துவிட்ட பிறகு

1

இந்தக் கதையைச் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பஸ்ஸில் திருடினேன். முன்சீட்டில் ஒரு பெண் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்: "சார், மூலக்கூறு எல்லாம் வெளிய வந்துடுச்சு சார். ஆனா அடுக்கு மூடலை." அவள் யாரென்று தெரியாது. நர்மதா என்ற பெயரும் கல்வராயன் மலையில் சாமை விளையும் ஒரு சரிவில் வீடும் நான் கொடுத்தவை.

அவள் ஆராய்ச்சியை எளிதாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். சில அணுக்களின் கனமே உள்ள தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவே கரிம மூலக்கூறுகளை நுழைத்தால் தகடுகள் விலகி இடம் கொடுக்கும். படிகத்துக்குப் புதுக் குணம் வரும். சூடாக்கி அவற்றை வெளியேற்றினால் தகடுகள் மறுபடி நெருங்க வேண்டும். நர்மதாவின் படிகம் நெருங்கவில்லை. உள்ளே எதுவும் இல்லை என்கிறது ஒரு கருவி. உள்ளே இடம் இருக்கிறது என்கிறது இன்னொன்று.

2

நர்மதாவின் அப்பா வெள்ளையன் மரம் வெட்டும் கூலி வேலைக்குப் போன இடத்திலிருந்து

(வேண்டாம். காணாமல்போன அப்பா வந்தால் கண்ணீர்க் கதையாகிவிடும். வெள்ளையனை மொத்தமாக எடுத்துவிட்டேன். அம்மா தைலம்மாள், அண்ணன் குமார், நர்மதா. இவர்கள் போதும்.)

4

மதியம். வீட்டுக்கு வந்த நர்மதா, சாப்பிட்டுக்கொண்டிருந்த குமாருக்குப் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். தைலம்மாள் எதிரில் இருந்து சாமைச்சோறு போட்டாள்.

(மேலே 4 என்று இருக்கிறது. நான் 3 என்றுதான் போட்டேன். திருத்திவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் மறுபடி 4. கணினிக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.)

"இன்னாடி தள்ளி உக்காந்துகினு இருக்க? அண்ணங்கிட்ட நெருங்கி உக்காரு," என்றாள் தைலம்மாள்.

நர்மதா நகர்ந்தாள். தோள் படவில்லை. மறுபடி நகர்ந்தாள்.

"அண்ணா, நீ ஏன் போய்க்கினே இருக்க?"

"நான் எங்க நகந்தேன்? நீதான் வரல."

இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் அப்படியே இருந்தது.

"ஞாயித்துக்கெழம காரியம் பண்ணிடலாம்," என்றாள் தைலம்மாள். "நீ ஒரு வார்த்த சரின்னு சொல்லு."

யாருக்குக் காரியம்? கேட்டது நர்மதா இல்லை, நான். தைலம்மாளின் அந்த வரியை நான் எழுதவில்லை.

"ஒருவேள அப்பா வந்துட்டாருன்னா?"

"வந்தா சோறு போடறேன். வராதவருக்கு எத்தினி வருசம் தட்டு கழுவறது? வூட்ல அவருக்கு எடம் வுட்டு எடம் வுட்டு நான் ஓஞ்சிட்டேன்டி."

சரி என்று சொல்ல நர்மதாவுக்குப் பயம். அப்பா எங்கோ உயிரோடு இருந்தால், தன் வாயாலேயே அவரைக் கொன்றதாகிவிடும்.

5

படிகத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம். வெளியேறியவற்றில் துளி மிச்சம், கருவிக்கும் அகப்படாமல், ஓரத்தில் முட்டுக்கொடுத்து நிற்கலாம். நர்மதாவின் பேராசிரியர் ஒப்புக்கொள்வார். இந்த வீட்டுக்குச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நர்மதா சரி என்கிறாள், கை கழுவ எழுந்து போகிறாள். இடைவெளி மூடிவிட வேண்டும். குமார் தட்டிலிருந்து தலை தூக்காமல், "தள்ளி உக்காரு நர்மதா, இடிக்குது," என்கிறான். நர்மதா இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.

அடித்துவிட்டேன்.

இரண்டு: நர்மதா மாட்டேன் என்கிறாள். தைலம்மாள் எழுந்துபோய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறாள். சோறு போடுகிறாள். கொஞ்ச நேரத்தில் தட்டில்

இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

6

ஆகவே பதிலை உங்களிடம் விடுகிறேன். சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளையன் செத்தவர். மாட்டேன் என்றால் தைலம்மாள் சாகும்வரை அந்தத் தட்டைக் கழுவுவாள்.

முடிவு செய்யுமுன் ஒன்று கேட்கிறேன். 2-ஐப் படித்து 4-க்கு வந்தபோது நடுவில் கொஞ்சம் தயங்கித்தானே வந்தீர்கள்? அங்கே நான் ஒன்றும் எழுதவில்லை. அப்படியானால் யாருக்கு வழிவிட்டீர்கள்?

சோறு ஆறுகிறது. தைலம்மாள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நர்மதா வாயைத் திறக்கிறாள்.

"அம்மா,