போட்டோவில் பின்னால் நிற்கும் வீடு

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. பெரம்பலூரிலிருந்து பாடாலூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் போனில் அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதி என் இட்டுக்கட்டு. மலர்கொடி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: செட்டிகுளத்து மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த...

(அடித்துவிட்டேன். கதவில்லாத வீட்டுக்காரியின் கதையில் சூரியனுக்கு என்ன வேலை?)

2

புருஷன் செத்த பிறகு மலர்கொடியும் மகள் அனிதாவும் இருப்பது ஒரு கூரைக் கொட்டகையில். வாசலுக்குத் தார்ப்பாய்தான் மறைப்பு. பெண் வளர்ந்துவிட்டாள், தாய்க்கு நிம்மதியாகக் கண்மூட முடியவில்லை. அரசு வீட்டுக்கு மனுப் போட்டாள்.

விசாரிக்க வந்தவன் அறிவரசன். (இவனை வில்லனாக்கப் பார்த்தேன், படியவில்லை. வெயிலில் அலைந்து வந்து, பாவம், குடிக்கத் தண்ணீர் கேட்டான்.)

"வூட்டு முன்னாடி நில்லுங்கக்கா, போட்டோ எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, போனுக்கு சிக்னல் தேடித் தெருமுனைக்குப் போனான்.

சர்க்கார் போட்டோ. கிழிந்த கொட்டகையோடா நிற்பது? கூச்சமாக இருந்தது அவளுக்கு. பக்கத்து வீட்டிலிருந்த கொழுந்தன் அழகேசன் கூப்பிட்டார்.

"இங்க வந்து நில்லுங்க அண்ணி. இதுவும் நம்ம வூடுதான?"

நல்ல சேலையாக ஒன்றை மாற்றிக்கொண்டு அவருடைய மெத்தை வீட்டின் முன்னால் போய் நின்றாள். திரும்பி வந்த அறிவரசன், அதுதான் அவள் வீடு என்று நினைத்து, படமெடுத்துக்கொண்டு போனான்.

கூரை எது, சுவர் எது, அறை எத்தனை என்றெல்லாம் படிவத்தில் கேள்வி இருந்தது. பின்னால் நிற்கும் வீடு யாருடையது என்று கேட்க அதில் இடமே இல்லை. காங்கிரீட் வீடு உள்ளதால் மனு தள்ளுபடி.

3

பெரம்பலூர் ஆபீஸில் இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டார். வழியும் சொன்னார்.

"ஒங்க கொழுந்தனார்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா. அந்த வூட்டுல ஒங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லன்னு."

மலர்கொடி தலையாட்டினாள். பஸ் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

4

முடிவு ஒன்று: அழகேசன் எழுதிக் கொடுக்கிறார், வீடு வருகிறது. (வரட்டும். அப்புறம் பொங்கலன்று எந்த முகத்தோடு அவர் வாசற்படி ஏறுவாள்?)

முடிவு இரண்டு: கேட்காமலே இருந்துவிடுகிறாள். (அனிதாவை நினைத்து இதைக் கிழித்துப் போட்டேன்.)

முடிவு மூன்று: அந்த அம்மாளே மனமிரங்கி... (இல்லை. நான் அவ்வளவு துணிந்த பொய்யன் இல்லை.)

ஆகவே, என் கணக்கில் நடந்தது இதுதான். பேப்பரும் பேனாவுமாக அவள் போனாள். ஆபீஸில் ஏதோ எழுதித் தரச் சொன்னார்கள் என்றாள். அழகேசன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க அண்ணி, என்னான்னு எழுதணும்?"

அந்த ஒரு வரியை அவள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்குக் கை வரவில்லை. நீங்கள் சொல்லிவிடுவீர்களா?