உப்பு பத்தாத மோர்

மேடையில் செத்துப்போவது எனக்கு நல்ல பழக்கம். துறையூர், உப்பிலியபுரம், மண்ணச்சநல்லூர் என்று சந்தைத் திடல் இருந்த ஊரிலெல்லாம் நான் செத்திருக்கிறேன். 'மோர்ப்பந்தல்' என்று ஒரு நாடகம். எய்ட்ஸ் என்ற பேரைக் கேட்டாலே ஊர் கதவைச் சாத்திக்கொண்ட காலத்தில் போட்டது. அதில் நான்தான் கதாநாயகி. லாரி டிரைவர் புருஷனிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டு, ஊரால் ஒதுக்கப்பட்டு, கடைசியில் கண்ணை மூடுகிற பெண். நான் விழுந்ததும் நாலு பேர் பாடையில் தூக்கிக்கொண்டு போவார்கள். பார்க்கிற பெண்கள் மூக்கைச் சிந்தி அழுவார்கள். நாடகம் முடிந்து நான் குழாயடிக்குப் போனால் அதே பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். வேஷம் என்று தெரிந்தும் ஒரு சந்தேகம்.

சந்தேகத்தில் தப்பில்லை. எனக்கு நிஜமாகவே எச்.ஐ.வி. இருந்தது. என் புருஷனும் லாரி டிரைவர்தான். அவர் போனபிறகுதான் ரத்தம் சோதித்தார்கள். இது எங்கள் குழுவுக்கு மட்டும் தெரியும். வெளியே சொன்னால் நாடகத்தையே ஊருக்குள் விடமாட்டார்கள் என்று வாயைக் கட்டிவைத்திருந்தார்கள்.

குழுவில் இருசம்மாள் என்று ஒருத்தி. நாடகத்தில் எனக்கு மாமியார், நிஜத்தில் என்னைப் போலவே நோயாளி. இலவச மாத்திரை வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். மேடையில் என்னைத் தூக்க எப்போதும் நாலு பேர் இருந்தார்கள். அவளை நிஜமாகத் தூக்க ஆள் வரவில்லை. குழுவில் கூட நடித்த பாலுவும் நானும்தான் ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். அதோடு நாடகம் நின்றுபோனது. எனக்கு மாத்திரை கிடைத்தது. தினம் விழுங்குகிறேன், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு தையல் மெஷினைப் போட்டு, மாமிகளுக்கு ப்ளவுஸ் தைத்துப் பிழைக்கிறேன்.

இப்படி நிம்மதியாக இருந்தவளைத் தேடிக்கொண்டு யாழினி வந்தாள். திருச்சியில் சொந்தமாக நாடகக்குழு வைத்திருக்கிற பெண். பாலுவைப் பிடித்து, பாலு மூலமாக என்னைப் பிடித்தாள். 'மோர்ப்பந்தல்' நாடகத்தை மறுபடி போடப்போகிறாளாம். கதாநாயகி நான்தானாம்.

"சரி, நடிக்கிறேன். ஆனா கடைசியில நான் சாகமாட்டேன்" என்றேன்.

"அக்கா, அது அந்தக் காலத்து நாடகம். இருந்தபடிதான் போடணும். செத்தாத்தான் அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும்."

"செத்தா அழுவாங்க. உசுரோட இருந்தா பக்கத்துல உக்காரமாட்டாங்க. அதுதான் நடந்துச்சு."

"இப்பல்லாம் யாருக்கா பயப்படறா? மோர் சீன்ல பாருங்க, ஆடியன்ஸ் பூரா எந்திரிச்சு வந்துடுவாங்க."

அந்த மோர் காட்சியைச் சொல்லவேண்டும். திருவிழா மோர்ப்பந்தலில் நான் மோர் ஊற்றுவேன். என் கையால் யாரும் வாங்கமாட்டார்கள். பானையும் டம்ளருமாக நான் கூட்டத்துக்குள்ளேயே இறங்கி, "யாராச்சும் ஒரு வாய் குடிங்க" என்று கேட்பேன். அப்போது கூட்டத்தில் ஒருவனாக உட்கார்ந்திருக்கும் பாலு எழுந்து வந்து குடிப்பான். அவன் நாங்கள் உட்கார்த்திவைத்த ஆள் என்பது ஜனங்களுக்குத் தெரியாது. ஒருதடவை துறையூரில் பாலு ஒண்ணுக்குப் போய்விட்டான். அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவருகிற வரைக்கும் அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு கை நீளவில்லை.

யாழினி அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வருவார்களாமே, வேஷத்துக்குத்தானே வருவார்கள்? நிஜத்துக்கு வருவார்களா என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். சாவதற்கும் ஒத்துக்கொண்டேன், இதை அவளிடம் சொல்லவில்லை. நாடகத்தன்று பாலுவிடம் மட்டும், "இன்னிக்கு நீ எந்திரிச்சே, அப்புறம் என் மூஞ்சில முழிக்காத" என்றேன். அவன் பயந்துபோய், "மயிலம்மா, கடையை நெனச்சுப் பாரு" என்றான். நினைக்காமல் இருப்பேனா? பாஸ் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தவர்களே என் வாடிக்கைக்காரர்கள்தான். அத்தனை பேரையும் கூட்டிவந்தவர் அரவிந்தவல்லி மாமி. ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயரானவர். என் கடைக்கு வந்தால் முதலில் ப்ளவுஸில் ஒரு குறை சொல்வார், பிறகு தண்ணீர் கேட்டு, சொம்பு உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பார். அவர் முகம் சுளித்தால் வீதி முழுக்கச் சுளிக்கும். நான் மெஷினை மூடிவிட்டு வேறு ஊர் பார்க்கவேண்டியதுதான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹால். மாசி மாதத்துக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பாதிப் பேர் ஏ.சி.க்காக வந்தவர்கள் என்றால் பொய்யில்லை. அட்டெண்டன்ஸ் உண்டு என்று கூட்டிவரப்பட்ட காலேஜ் பெண்கள் ஒரு பக்கம். மூன்றாவது வரிசையில் ஒரு மனுஷர் தன் சம்சாரத்துக்குக் கதையை முன்கூட்டியே விளக்கிக்கொண்டிருந்தார். மாமியார் என் தட்டைத் தனியாக வைத்த இடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். டாக்டர் என்னைத் தொடாமல் குச்சியால் நாடி பார்த்த இடத்தில், சிரிக்கவேண்டிய ஹால், மூச்சுக்காட்டாமல் இருந்தது. "இப்படியெல்லாமாடி பண்ணாங்க?" என்று ஒரு காலேஜ் பெண் கேட்டது மேடை வரைக்கும் வந்தது. பண்ணினார்கள்டி கண்ணே என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது.

மோர்க் காட்சி வந்தது. பானையோடு கீழே இறங்கினேன். நாடக வசனத்தை விட்டுவிட்டேன்.

"இதுவரைக்கும் பேசினது வசனங்க. இப்ப பேசறது மயிலம்மாள், அடையவளஞ்சான் வீதி டெய்லர். எனக்கு நெசமாவே எச்.ஐ.வி. இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல இருக்கு. மாத்திரை சாப்பிடறேன், நல்லாயிருக்கேன். இது நான் கலக்குன மோர். யாராச்சும் ஒரு வாய் குடிங்க."

மேடை ஓரத்தில் யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். கதை விளக்கியவர் விளக்குவதை நிறுத்தினார். ஒருவரும் அசையவில்லை. பாலு சீட்டின் நுனிக்கு வந்துவிட்டான்; நான் முறைத்த முறைப்பில் பின்னால் சாய்ந்தான். துறையூர்த் திடலேதான், வெட்டவெளிக் காற்றுக்குப் பதிலாக ஏ.சி. ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன்.

அரவிந்தவல்லி மாமி எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசலுக்குத்தான் போகிறார், போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"குடு" என்றார்.

ஊற்றிக் கொடுத்தேன். டம்ளரை வாங்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தார். ஹாலில் ஒரு சலசலப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வாய் வெச்சுக் குடிங்க மாமி! பயமா இருக்கா?" என்றது. சிலர் "அதானே" என்றார்கள்.

மாமி திரும்பினார். கிளாஸில் பேசுகிற பையனைப் பார்க்கிற பார்வை.

"நன்னாருக்கு! எங்காத்து மாமா குடுத்தாலும் நான் தூக்கித்தான் குடிப்பேன். பெருமாள் தீர்த்தத்தைத் தவிர எல்லாத்தையும் அப்படித்தான் குடிச்சிருக்கேன். இவளுக்கு மட்டும் தனியா ஒரு வழக்கம் வெச்சுக்கணுமா? அப்படி வெச்சுண்டா அதுக்குப் பேர்தானே ஒதுக்கறது?"

மாமி என் பக்கம் திரும்பி, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உப்பு பத்தலே மயிலு."

சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதையிலேயே பெரிய மரியாதை அந்தக் குறைதான். நோயாளியிடம் யாரும் உப்பு பத்தவில்லை என்று சொல்லமாட்டார்கள்.

அப்புறம் வந்தார்கள். மாமிகள் வந்தார்கள், எல்லோரும் அண்ணாந்து குடித்தார்கள். பின்வரிசைக் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு பஸ் கண்டக்டர்; வெட்கப்பட்டுக்கொண்டே வந்து வாய் வைத்துக் குடித்தார். காலேஜ் பெண்கள் செல்ஃபிக்கு நின்றார்கள். அந்தக் கூத்தும் எனக்குப் பிடித்திருந்தது. அவர்களில் வஹீதா என்றொரு பெண், "எனக்கு நோன்பு ஆன்ட்டி. இதுல ஊத்துங்க, நோன்பு திறக்கறப்ப குடிக்கிறேன்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பானை காலியானது. கடைசியாக வந்த பாலுவுக்கு ஒரு சொட்டு இல்லை.

மேடைக்குத் திரும்பிய பிறகுதான் நான் சாகவேண்டியது நினைவுக்கு வந்தது. ஓரத்தில் பாடை தயாராக இருந்தது. இருமிக்கொண்டே சாயத் தொடங்கினேன்.

"வேணாம்மா!" என்று மூன்றாவது வரிசை மனுஷர் எழுந்துவிட்டார். "அவங்களைச் சாக விடாதீங்க!"

ஹாலே அதைப் பிடித்துக்கொண்டு கத்தியது. நான் பாதி சாய்ந்தபடி யாழினியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்திருங்கள் என்று இரண்டு கையாலும் காட்டினாள். எழுந்து நின்று புடவையை உதறினேன்.

"மன்னிக்கணும். இன்னிக்கு நான் சாகறதா இல்லை" என்றேன்.

அவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். இருசம்மா, பார்த்தாயாடி, உனக்கு வராத கூட்டம் எல்லாம் சேர்த்து இன்றைக்கு வந்திருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கைதட்டல் ஹாலோடு சரி, விடிந்தால் கடை என்பது எனக்குத் தெரியும். மறுநாள் கதவைத் திறந்ததும் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து, தைக்கக் கொடுத்த துணியை அப்படியே திருப்பிக் கேட்டது. கொடுத்துவிட்டேன். அதன்பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை. மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். இல்லாத தூசியைத் துடைத்தேன்.

வெயில் ஏறிய பிறகு வாசலில் நிழல் தட்டியது. அரவிந்தவல்லி மாமி, பின்னால் துணிப்பைகளோடு இன்னும் மூன்று பேர்.

"கை இறுக்கறது. பிரிச்சுத் தை. நாடகம் ஆடினா தையல் மறந்துடுமா?" என்று ப்ளவுஸை மேஜையில் போட்டார்.

"நான் அளவு பார்த்துத்தான் தெச்சேன். நீங்க தடிச்சா நான் என்ன மாமி பண்ணுவேன்?"

"யாரு தடிச்சா? வாயைப் பாரு!"

வீதியே கேட்கிற மாதிரி சண்டை போட்டோம். மூச்சு வாங்கியதும் மாமி தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டினேன். எப்போதும் போலத் தூக்கிக் குடித்துவிட்டு, கையை நீட்டினார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்க எழுந்தேன்.