பயறு போட்டு வைத்த குடுக்கை

லுர்திஸுக்குப் புருஷன் மேல் கொள்ளைப் பிரியம். சுரைக்குடுக்கை விஷயத்தில் மட்டும் அவனைத் துளியும் நம்பமாட்டாள். அவன் வாசிக்கிற திம்பிலா என்ற வாத்தியத்தில், கோலால் அடிக்கும் ஒவ்வொரு மரக்கட்டைக்கும் கீழே ஒரு குடுக்கை தொங்க வேண்டும். கட்டையின் சுருதிக்கு ஒத்த குடுக்கைதான் கூடச் சேர்ந்து பாடும், மற்றதெல்லாம் சும்மா இருக்கும். அதனால் அபீலியு வீட்டிலிருந்த குடுக்கைகளுக்கு எல்லாம் ஓட்டை போட்டு வாத்தியத்தில் மாட்டிவிட்டான். உப்புக்குடுக்கை போயிற்று, தண்ணீர்க்குடுக்கையும் போயிற்று.

மிச்சம் ஒன்றே ஒன்று, அவளே கொடி போட்டு வளர்த்த பெரிய குடுக்கை. அதில் எப்போதும் பாதிக்குமேல் பயறு வைத்திருப்பாள். உள்ளே இடம் குறைந்தால் சுருதி ஏறிவிடும், அவன் கட்டைக்குப் பிடிகொடுக்காது. கொட்டிவிட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. அடுப்படியில் எதற்குள் என்ன இருக்கிறதென்று எந்த ஆண்பிள்ளை பார்த்தான்?

நாளை திருவிழா. ஆடு முட்டி வாத்தியம் கவிழ்ந்ததில் அடிச்சுருதிக் குடுக்கை நொறுங்கிவிட்டது. ஊரெல்லாம் அலைந்து வெறுங்கையோடு வந்த அபீலியு, முற்றத்தில் உட்கார்ந்து குடுக்கை போன அந்தக் கட்டையையே அடித்துக்கொண்டிருந்தான்.

"இது ஊமையா கெடந்தா நான் எதுக்குடி போகணும்? என் எடத்துல மரியானுவே வாசிக்கட்டும்."

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. விருந்தாளி வர்றாங்க, தேங்காயத் துருவு." பயறைப் பானையில் கொட்டிவிட்டு, குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் மறுபடி அடித்தான். மடியில் குடுக்கை கும்மென்று முனகியது, தொடை வரை அதிர்ந்தது. லுர்திஸ் சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள்.

"ஏதோ கேட்டுச்சே?"

"உன் காதுல பூச்சி போயிருக்கும்."

அவன் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தான். சண்டை போட்டிருந்தால் பொத்திய கையை எடுத்திருக்கமாட்டாள். பேசாமல் தலைகுனிந்து துருவினான் பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"யோவ், இன்னொரு தடவ அடி," என்று கையை எடுத்தாள்.

அடித்தான். குடுக்கை வாய்விட்டுப் பாடியது. குடுக்கையைப் பார்த்தான், பானையைப் பார்த்தான்.

"அடிப்பாவி! பயறா?"

"பயறுதான். எத்தன வருஷமா ஏமாந்திருக்க, போ!"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மறுநாள் எல்லாத் திம்பிலாக்களும் ஒன்றாக இரைந்தபோது, அடியிலிருந்து ஒரு கனத்த ஓசை மண் வழியாக லுர்திஸின் காலுக்கு வந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற மரியானுவின் பெண்டாட்டியை இடித்தாள்.

"கேக்குதாடி? அது என்னோடது."

"ஆமா, ஊருக்கே தெரியும் உன் புருஷன்னு."

"அவன் கெடக்கான். குடுக்கையச் சொல்றேன்."